பதினேழு திரும்பல

குறுக்க பேசாதீங்க மேனேஜர் சார், வரிசை தப்பிடும். முதல்ல, துணி பறக்குதுன்னு ஷெட்டுல ஃபேனக் கழட்டுனீங்க. ரெண்டாவது, கழிப்பறையப் பூட்டிச் சாவிய சூப்பர்வைசர் இடுப்புல தொங்கவிட்டீங்க. மூணாவது, தையல் மெஷின் நம்பரையே ஆளுக்குப் பேரா வச்சீங்க. பன்னெண்டு இங்க வா, பதினேழு அங்க போ. நாலாவது நேத்து. நீங்க நம்பர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலன்னு பதினேழ வேலையவிட்டுத் தூக்குனீங்க.

கதவத் தட்டிப் பிரயோஜனமில்ல. வெளியில தையல்காரங்க தாழ் போட்டிருக்காங்க. என் ஏற்பாடில்ல சார். சங்கத் தலைவர்னு மரியாதையா உள்ள அனுப்பினாங்க, உக்காந்ததும் எனக்கும் சேத்துப் போட்டுட்டாங்க. சிரிக்காதீங்க. போன தடவ சாவி விஷயத்த நாம ரெண்டு பேரும் ஒரு டீயில முடிச்சோமே, அத அவங்க மறக்கல. ஜன்னலா? அந்தக் கம்பி நீங்க போட்டதுதான்.

நான் அடிச்ச நோட்டீஸ அடுக்கினா இந்த மேச உசரம் வரும். மனுசன மனுசனா நடத்துன்னு கேட்டுல நின்னு தொண்ட கிழியக் கத்தியிருக்கேன். ஒரு ஃபேன் திரும்பி வந்துதா? அந்தப் பதினேழாம் மெஷின் பொம்பள ஒரு கோஷம் போடல. நம்பர் சொல்லிக் கூப்பிட்டா, அவ பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே இருந்தா. பக்கத்து மெஷின்காரி பாத்தா, மறுநாள் அவளும் திரும்பல. அப்புறம் அந்த வரிசையே. செவிடங்களுக்கா வேல குடுத்திருக்கோம்னு சூப்பர்வைசர் புலம்பினான். போன வாரத்துலருந்து அவனே ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, உங்க பேரு என்னங்கன்னு நிக்கிறான். சாவியக்கூட ஆணியில மாட்டிட்டான், யார் வேணா எடுத்துக்கலாம்னு. வயித்தெரிச்சலா இருக்காதா எனக்கு?

கண்ணாடி வழியாப் பாருங்க. நீங்க தூக்கியும் வந்து, அவ மெஷின்ல முதுகக் காட்டி உக்காந்திருக்கா.

என்ன, சத்தமில்லாமத் திரும்பச் சேத்துக்கறீங்களா? நான் கையெழுத்துப் போட்டாப் போதுமா? பேனாவ உள்ள வைங்க. என் கை தானா நீளுது பாருங்க, பழக்கதோஷம். ஆர்டர்ல பதினேழுன்னு இருந்தா அவ வரமாட்டா. பேர எழுதி, எல்லார் முன்னாடியும் நீங்க வாசிக்கணும்.

அவ்வளவு உறுதியா எனக்கெப்படித் தெரியும்னா... இத அவ முதல்ல என்கிட்டதான் ஆரம்பிச்சா. கல்யாணத்துலருந்தே இந்தா, ஏய்னுதான் கூப்பிடுவேன். எவன் பொண்டாட்டியப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? ஒருநாள், இந்தா சோத்தப் போடுன்னேன். திரும்பல. கத்தினேன். ம்ஹூம். அங்க தாழ் ஒண்ணும் போடல சார், ஆனா தட்டு முன்னாடியிருந்து எந்திரிக்க முடியல. கடைசியில பேரச் சொன்னேன். யாரோ வேத்தாள் பேரு மாதிரி இருந்துது, என் வாயில. அப்பதான் திரும்பினா.

ஆமா, என் வீட்டுக்காரிதான்.

எழுதிட்டீங்களா? தாழத் தெறக்குறாங்க, வாங்க. எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க பாருங்க, அவளத் தவிர. வாசிங்க.

உதட்டுக்குள்ள இல்ல சார். கடைசி மெஷினுக்கும் கேக்கணும். இன்னொரு தடவ.

ம். அதான் அவ பேரு.