பாறை மேல் நின்று ஊதியவர்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"அந்தக் குழல்காரரு இல்லேன்னா நான் பொறந்தே இருக்க மாட்டேன்க்கா."

"யாரு, போன வாரம் செத்தாரே, அவரா?"

"ஆமா. நான் வயித்துல இருக்கையில எங்கம்மா தோட்டத்துல காய் எடுக்கப் போயிருக்கு. பனி எறங்கி வழி மறைஞ்சுபோச்சு. வலியும் கண்டுருச்சு. தேடிப் போன ஆளுகளுக்கும் ஒண்ணும் தெரியல. அவருதான் பாறை மேல ஏறி நின்னு குழல் ஊதிருக்காரு. சத்தம் வந்த பக்கமே எங்கம்மா தவந்து தவந்து வந்து சேந்துருச்சு."

"எம்புட்டு நேரம் ஊதுனாரு?"

"காலையில புடிச்சு மத்தியானம் வரைக்கும். ஒதடு வெடிச்சு ரத்தமாம். நிறுத்தலையே."

"அடி ஆத்தி!"

"அவருக்கு வயசாகி ஓஞ்சதுலருந்து மலையில கல்யாணம்னா அவரு மகதான் வந்து ஊதணும். வேற யாரையும் கூப்புடுறதில்ல."

"உங்கம்மா போயி அவரப் பாத்துச்சா?"

"மறுவாரமே என்னையத் தூக்கிட்டுக் கும்புடப் போயிருக்கு. ஒதட்டுப் புண்ணு ஆறல, அவரால பேச முடியல. எங்காதுகிட்ட வெரலச் சொடக்கிப் பாத்தாராம். நான் திடுக்குன்னு முழிக்கவும், தன் குழலக் கேட்ட காது நல்லாக் கேக்குதுன்னு சைகை காட்டி அந்தப் புண்ணோடயே சிரிச்சாராம்."