முந்திய ரயில்

“இன்னிக்கும் என் புருஷன் முந்திட்டா என் வேலை போச்சு அண்ணி!”

மலேசியாவின் சிரம்பான் நகருக்குச் செல்லும் ரயிலில் எதிரே இருந்த பெண் இப்படிச் சொன்னதும், படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த தடித்த புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் கணவர் சரக்கு ரயில் ஓட்டுகிறாராம். அதற்கு வழிவிட்டு எங்கள் ரயில் நின்றதில் இருமுறை வேலைக்குத் தாமதம். மூன்றாவது முறைக்கு மன்னிப்பில்லையாம்.

“என் தம்பிகிட்டயே சொல்லியிருக்கலாமே?” என்றார் பக்கத்திலிருந்த அண்ணி, கணவரின் அக்கா.

“சொன்னேன். சிக்னல்கிட்ட பேசுன்னார் லா!”

செம்பனைத் தோட்டத்தருகே, பக்கத்துத் தண்டவாளத்தில் அவர் கணவரின் சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ரயில் நிற்காமல் அதைக் கடந்தது.

அந்தப் பெண் துள்ளி எழுந்தார். “பசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் நாலடி முன்னால நடக்கிற மனுஷன், அண்ணி! இன்னிக்கு என் பின்னால வரட்டும்!”