மஞ்சள் மழைக்கோட்டு

இல்ல கண்ணு, பத்த வைக்கறதுக்கில்ல. பாலம் பூரா, மேல கூரைகூட மரமாச்சே, ஊதுபத்தி கொளுத்தினா காவக்கார லின் ஓடி வந்துடுவாரு. இப்பல்லாம் இந்தப் பாலத்துச் சாமி முன்னாடி பேட்டரி விளக்குதான். பொகை வராட்டியும் குவான்யின் தாயாருக்குப் புரியும்னு சும்மா கையில வச்சிருக்கேன். நீ உள்ள தள்ளி உக்காரு, சாரல் அடிக்குது.

எம் பையனுக்காகத்தான். சின்னவன், ஜியான்ஹோங். அதோ, அந்தக் கரையில கண்ணாடிக் கட்டடம் தெரியுதில்ல, அது ஆசுபத்திரி. காலையில நெஞ்சைத் திறக்க உள்ள கொண்டுபோனாங்க. அப்பவும் கிண்டல் அவனுக்கு. நீ இந்த மூஞ்சியோட நின்னா டாக்டருக்குக் கை நடுங்கும், போம்மா, போய் ஒன் சாமியைப் போட்டுப் படுத்துன்னான். அக்காகாரி லீயுன் அங்க இருக்கா. முடிஞ்சதும் வந்து சொல்றேன்னா.

செல்போனா? வீட்டுலயே வச்சிட்டேன். அதுல எது வரும்னு யாரு கண்டா?

இரு... இல்ல, ஒண்ணுமில்ல. பஸ்ஸு திரும்புது. எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல, நீ ஒண்ணும் நெனச்சுக்காத.

நீ வெளியூரு, ஒனக்குத் தெரியாது. இந்தப் பாலத்து மேல கெட்ட சேதி சொல்லக் கூடாது. சண்டை போட்டுக்கிட்டு வர்றவங்ககூடப் படியேறினதும் வாயை மூடிக்குவாங்க. மீன்காரி ஷு வீட்டுக்காரர் செத்தப்ப அவ இங்கதான் கும்பிட்டுக்கிட்டு இருந்தா. ஒருத்தரும் மேல வந்து சொல்லல. ஒன் கூடையில பூனை வாய் வச்சிருச்சுன்னு கீழ கூப்பிட்டுத்தான் சொன்னாங்க. பாவம், பூனையைத் திட்டிக்கிட்டே எறங்கினா.

நல்ல சேதின்னா அப்படியில்ல. புள்ள பொறந்தா, பரீட்சையில பாஸாயிட்டா, கரையிலேருந்தே கத்திக்கிட்டு ஓடி வருவாங்க. பலகை ஆடுதுன்னு லின்னு திட்டுவாரு.

பக்கத்துல புதுப் பாலம் போட்டப்ப இதைப் பிரிச்சிடலாம்னாங்க. பொம்பளைங்க நாங்கதான் இந்தப் பெஞ்சுல வரிசையா உக்காந்து எந்திரிக்கவே மாட்டோம்னுட்டோம். பாரேன், இன்னைக்கும் அதே பெஞ்சு.

பசிக்குதா? இந்தா, இலையில கட்டின சோறு. உள்ள பன்னியெறச்சி இருக்கு. அவன் முழிச்சதும் கேப்பான்னு கட்டினது... பரவாயில்ல, நீ சாப்பிடு. சாப்பிடு கண்ணு.

மழை விட்டுடும்போல. கெளம்பறியா? ஆசுபத்திரிப் பக்கமா? அப்ப ஒரு ஒதவி பண்ணு.

அந்தக் கோடியில, படிக்குக் கீழ, மஞ்ச மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறா பாரு. அது எம் பொண்ணு லீயுன். நீ வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே வந்துட்டா. அங்கேயே நிக்கிறா, ஏறல.

இந்தக் கொடையை அவகிட்டக் குடுத்துடு. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே உக்காந்திருக்கட்டும்னு சொல்லு.