பெருவிரல் பார்த்த பெருமாட்டிக்கு

காய்ச்சலோடு வந்தவரையும் காலணி கழற்றச் செய்த கருணைக் கடலே! இருமலோடு வந்தவரின் இரு பாதங்களையும் இமைக்காமல் நோக்கிய இணையிலா மாமணியே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் டாக்டரம்மா அவர்களே! வணக்கம்.

ஈரேழு பதினான்கு உலகங்களிலும் ஊசி போடும் கலையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிகரான இடம் வேறொன்று இல்லை. உங்களைப் பாராட்டும் மடலில் இந்தச் செய்தி முதலில் வருவானேன் என்று அவையோர் வியக்கலாம். விழாக்குழுத் தலைவர் எங்கள் ஊசியண்ணன். "என் ஊசிக்குத் தப்பி இந்த வாசலைத் தாண்டினவன் இன்னும் பொறக்கல" என்பது அவர் நாள்தோறும் அருளும் நல்லுரை. அது முதல் பத்தியில் வந்தால்தான் ஒலிபெருக்கி வரும் என்றார். ஒலிபெருக்கி வந்திருக்கிறது.

இனி உங்கள் பெருமை.

பொறுமையின் பொன்மலையே! வந்தவர் எவராயினும், வருத்தும் நோய் எதுவாயினும், உங்கள் வாயில் முதலில் வந்த வார்த்தை ஒன்றே: "செருப்பைக் கழட்டுங்க, காலைக் காட்டுங்க." சர்க்கரை நோயாளி காட்டினார், அதில் நியாயம் இருந்தது. தலைவலிக்காரர் தயங்கித் தயங்கிக் காட்டினார். காதில் பூச்சி புகுந்தவரும் காட்டினார், "பூச்சி இன்னும் அவ்வளவு தூரம் போகலைம்மா" என்று கெஞ்சியபடியே. வெளியே வரிசை வளர்ந்து, வளைந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"எல்லார் காலையும் பாக்குறீங்களேம்மா, அப்படியே அளவெடுத்து வெச்சா நாம ஒரு செருப்புக் கடையாவது போடலாம்" என்றார் ஊசியண்ணன். நாங்கள் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம். நீங்கள் யாரோ ஒருவரின் பாதத்தைப் பிடித்துக் குனிந்தவாறே விடையளித்தீர்கள்: "பார்த்தா என்னப்பா, தேஞ்சா போயிடும்?"

அந்த விடையின் அருமை எங்களுக்கு விளங்கிய நாள் ஒன்று உண்டு.

மெத்தை தைப்பவரின் மகள் அன்று வந்தாள். அப்போது ஒன்பது வயது. வாய் ஓயாததால் நாங்கள் சிட்டு என்று அழைக்கும் பெண். அவள் முதுகில் திடீர் திடீரென வீக்கம் எழும். அடங்கிய இடத்தில் கல் போல் ஏதோ ஒன்று தங்கிவிடும். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெற்றோர் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் ஒன்று சுளுக்கு என்றது. ஒன்று கட்டி என்றது. மற்றொன்றோ, மறுநாளே முதுகில் வெட்டிச் சோதிக்க ஏற்பாடு செய்து, அதுவரை வலி தாங்க ஓர் ஊசியையும் எழுதி அனுப்பியிருந்தது. அந்தச் சீட்டோடுதான் எங்களிடம் வந்தார்கள்.

ஊசியண்ணன் அவளைக் குப்புறப் படுக்க வைத்தார். இடுப்பில் பஞ்சால் துடைத்தார். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்டா கண்ணு" என்று ஊசியை உயர்த்தினார். வேறு வேலையாக அந்த அறையைக் கடந்த நீங்கள், கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் பாதங்களைப் பார்த்தீர்கள். இரண்டு பெருவிரல்களும் குட்டையாய், உள்நோக்கி வளைந்திருந்தன.

"நிறுத்துப்பா!"

உங்கள் குரலுக்கு அவ்வளவு உயரம் உண்டென்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. மாத்திரை கொடுக்கும் அக்காவின் கையிலிருந்த டப்பா தரையில் உருண்டது.

"பொறந்ததுலேர்ந்தே விரல் இப்படியாம்மா?"

"ஆமாங்க டாக்டர். விரல்தானேன்னு விட்டுட்டோம். இதுவரைக்கும் அதை யாரும் கேட்டதே இல்லையே."

அறிவின் அணையா விளக்கே! தசைகள் மெல்ல மெல்ல எலும்பாக மாறும் நோய் அது. பிறவியிலேயே வளைந்த பெருவிரல்தான் அதன் முதல் அடையாளம். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். தசையில் இறங்கும் ஊசியோ, வெட்டும் கத்தியோ, கீழே விழுந்து படும் அடியோ, பட்ட இடத்திலேயே புதிய எலும்பை எழுப்பிவிடலாம். அன்று அந்த ஊசி இறங்கியிருந்தால் அவள் இடுப்பு அசையாமலே போயிருக்கலாம்.

அன்று நீங்கள் இவ்வளவையும் சொல்லவில்லை. "எனக்குச் சந்தேகம்தான், நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேக்குறேன். அதுவரைக்கும் யாரும் குத்தக் கூடாது, வெட்டக் கூடாது" என்றீர்கள். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி, நோயாளியின் தாய்க்கு முகம் தெளிந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம். பிறகு தொலைபேசியும் கையுமாக அமர்ந்தீர்கள். பெரிய மருத்துவமனையார் நம்மைக் காக்க வைக்கும்போது ஒலிக்கவிடும் அந்த இசை இந்நிலையத்தார் அனைவருக்கும் மனப்பாடம். கூட்டிப் பெருக்கும் அண்ணன் இன்றும் அதைத்தான் சீட்டியடிக்கிறார். மரபணுச் சோதனை உங்கள் சந்தேகத்தை உறுதி செய்தது.

தீர்க்கும் மருந்து இல்லை. ஆனாலும் ஓய்வறியாத உழைப்பே, உங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை! பல் வலி வரும் முன்பே பல் டாக்டரிடம் பேசி, தாடையில் ஊசி கூடாது என்று சொல்லி வைத்தீர்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் முட்டி மோதி ஓடும் நேரத்தில் அவள் படியில் நிற்காதபடி, மணியடிக்கும் முன்பே அவளை அனுப்பச் சொன்னீர்கள். கண் கலங்கி நின்ற தந்தையிடம், "மெத்தை தைக்கிறவர்தானே நீங்க? வீட்ல இருக்கிற மூலைக்கெல்லாம் பஞ்சு வெச்சுத் தைச்சுடுங்க" என்றீர்கள். மேசை, கட்டில், ஜன்னல் விளிம்பு என்று மனிதர் ஒன்றையும் விடவில்லை. "எங்க வீட்ல சுவர்ல முட்டினாக்கூடத் தூக்கம்தான் டாக்டர் வருது" என்று அவள் புகார் சொன்னாள்.

இப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. ஒரு தோள் உயராது. வாய் இன்னும் ஓயாது. தானே நடந்து பள்ளிக்குப் போகிறாள்.

நீங்கள் விடைபெறும் செய்தி கேட்டுச் சென்ற வாரம் அவள் தாய் வந்தார். "நீங்க போயிட்டா, இவ எங்கயாவது விழுந்து, இங்க தூக்கிட்டு வந்து, தெரியாம யாராவது ஊசி போட்டுட்டா நான் என்ன பண்ணுவேன் டாக்டர்?" என்று கேட்டார். நீங்கள் எங்கள் பக்கம் கைகாட்டி, "இவங்க இருக்காங்கம்மா" என்றீர்கள். அந்தத் தாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஊசியண்ணனைச் சற்று அதிக நேரம் பார்த்தார். அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது.

பணிவின் பேருருவே! ஊரார் பாதங்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து ஓசை எழுப்பும் உங்கள் முழங்கால்கள் இனியாவது ஓய்வு காணட்டும்! உண்ட உணவு செரித்து, கண்ட கனவு பலித்து, எவர் காலையும் பாராமல் ஒரு முழு நாளேனும் நீங்கள் இருந்து பாருங்கள். முடியாதென்பது எங்கள் துணிபு. நோயின்றி, நூறும் கடந்து நீடு வாழ்க!

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டமிடும் முன் சேர்க்க வேண்டிய செய்தி ஒன்று.

இன்று காலை, நாங்கள் கூடத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி நடந்தது. முதலில் வந்த தாய் துணியை விலக்கிக் குழந்தையின் தொடையைக் காட்டினார். ஊசியண்ணன் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சின்னஞ்சிறு காலுறை ஒன்றை மெதுவாக உருவினார்.

"ஊசி தொடையிலதானே அண்ணே? கால்ல என்ன பாக்குறீங்க?"

ஊசியண்ணன் குனிந்து பெருவிரலைப் பார்த்தார். இன்னொரு காலுறையையும் உருவினார்.

என்றும் உங்கள் அன்பில்,
நிலையத்து ஊழியர்கள்