அடிமுதல் முடிவரை ஓர் அங்க அடையாளம்

நான் உரக்கப் பேசிப் பழகாதவன். வகுப்பில் கடைசி வரிசைக்குக் குரல் எட்டவில்லை என்று மாணவர்கள் தலைமையாசிரியரிடம் இருமுறை முறையிட்டிருக்கிறார்கள். ஆகவே தங்கள் எழுத்தர் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று, மாஜிஸ்திரேட் ஐயா, தாங்கள் இரண்டு முறை எச்சரித்தீர்கள். தெரிந்தேதான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, ஆசை காட்டவுமில்லை.

பெயர் முனிவேல். வயது ஐம்பத்திரண்டு. ஓசூரில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியன். இந்த எல்லைப்புறத்தில் வாழ்பவனுக்குத் தெலுங்கும் கன்னடமும் தாமாகவே வந்துவிடும், எனக்கும் வந்தன. இந்த வழக்கில் நான் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

ஊருக்குத் தெற்கே ஒரு குன்றும், அதன்மேல் ஒரு சிவன் கோயிலும் உண்டு. மார்கழி முழுவதும் விடியலில் அங்கே பதிகம் பாடுவது என் வழக்கம். கேட்பதற்குக் குருக்கள் இருப்பார். சில நாள் இரண்டொரு குரங்குகளும் இருக்கும். அது எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. பாட்டு இறைவனுக்கு உரியது.

இந்த ஆண்டு ஜனவரியில், மார்கழி முடிய ஐந்து நாள் இருக்கையில், கடைவீதித் திம்மராயன் பெங்களூரிலிருந்து ஒலிபெருக்கி வாங்கிவந்தான். கோயிலுக்கு அதை இலவசமாகவே கட்டித் தருவதாகச் சொன்னான். நல்ல பிள்ளை, என்னிடம் படித்தவன் அல்லன் என்றாலும் மரியாதை தெரிந்தவன். முதல் நாள் ஒலிவாங்கியை என் முன் நிறுத்தி, நாலு ஊர் கேட்கப் பாடுங்கள் என்று வேண்டிக்கொண்டான். பாடினேன். அன்று மாலை கடைவீதியில் நான் போனபோது தேநீர்க்கடையில் பேச்சு நின்றது. நான் கடந்தபின் சிரிப்புத் தொடங்கியது. மறுநாள் திம்மராயன் என் குரலுக்குப் பதிலாக இசைத்தட்டை வைத்தான். காரணத்தை அவனே பணிவாகச் சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க அய்யா. உங்க பாட்டு கொழாயில வந்தா ஆடு செருமற மாதிரி இருக்குதாம். பிளேட்டே போடுன்னு சனங்க சொல்றாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. என் குரலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. திருமுறை ஓதும் இடத்தில் ஊசி முனையில் சுழலும் அரக்குத் தட்டு ஓதுவது தகாது என்பது மட்டுமே என் வருத்தம்.

அதற்கு மறுநாள் காலை திம்மராயன் குன்றின் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தான். பாறை ஓரத்து வேப்பமரத்தில் குழாயை இன்னும் உயரத்தில் கட்ட மூங்கில் ஏணியில் ஏறியிருந்தான். ஏணி சாய்ந்தது. கீழே அறுபது அடி.

தவறி விழுந்ததாகவே முடிந்திருக்கும். ஆனால் அடிவாரத்தில் புல்லறுத்துக்கொண்டிருந்த மாரம்மா காவல் நிலையத்துக்கு வந்து, ஏணியை ஒருவன் பிடித்துத் தள்ளியதைக் கண்டதாகச் சொன்னாள். அவளுக்குக் கன்னடம் தவிர வேறு மொழி வராது. இன்ஸ்பெக்டர் கோவிந்தனோ காவிரிக்கரைக்காரர்; கன்னடத்தில் தண்ணீர் கேட்கவும் தெரியாதவர். எனக்கு ஆள் அனுப்பினார். "முனிவேல் ஐயா, இவள் சொல்வதை நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்கள் ரைட்டர் எழுதினால் எல்லாத் திருடனும் சராசரி உயரம், மாநிறம்" என்றார்.

அவள் கன்னடத்தில் சொன்னதை இப்போதுதான் முதன்முறையாகப் பிழையின்றித் தமிழில் தருகிறேன். அவள் தலையிலிருந்து தொடங்கினாள்.

"மண்டை பளபளன்னு வழுக்கைங்க. கழுத்தே இல்ல. முதுகு கூனு, வயிறு பானை. காலு ரெண்டும் கொக்குக்காலு. நடந்தான்னா சேத்துல எறங்கின எருமைதாங்க."

அவள் குறிப்பிட்ட மனிதன் அவளுக்கு எதிரே மூன்று முழத் தூரத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தான். மலைக்கு நான் வெற்றுடம்போடும் வெறுந்தலையோடும் போவது வழக்கம். நிலையத்துக்கு நீளக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து போயிருந்தேன். மேசைக்கு அடியில் கால் தெரியாது. அவள் என்னை முழுதும் பார்த்துவிட்டு, "எழுதிக்கோங்க சாமி" என்றாள்.

ஆம், அன்று காலை திம்மராயன் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது என்னிடந்தான். பிடித்துக்கொண்டே பதிகத்தை ஓதினேன். மேலே இருந்து அவன், "கொஞ்சம் மெதுவா பாடுங்க அய்யா, கவனம் செதறுது" என்றான். கடைசிப் பாட்டு முடியும்வரை ஏணியை விடவில்லை. பதிகத்தை இடையில் நிறுத்துவது குற்றம். முடிந்தபின் விட்டேன். விட்டேன் என்பது பொருத்தமான சொல் அன்று. தள்ளினேன்.

அங்க அடையாளத்தை மாற்றி எழுதியது தப்பிப்பதற்காக என்று தாங்கள் பதிவு செய்தால், அது முழு உண்மை ஆகாது. பானை, கொக்கு, எருமை என்ற உவமைகளை ஏட்டில் ஏற்றக் கை ஒப்பவில்லை. முப்பது ஆண்டு நல்ல தமிழில் தோய்ந்த கை இது. எழுதியது இப்படி அமைந்தது: நிலத்தில் அழுந்தப் பதிந்த அகன்ற பாதம்; திரண்ட கணைக்கால்; முழந்தாள் அளவும் நீண்ட கை; பாறையில் செதுக்கியது போன்ற மார்பு; திமிலென உயர்ந்த தோள்; சுருண்டு கறுத்த முடி; ஏற்றின் பீடு நடை. எருமைக்கும் ஏற்றுக்கும் இனம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அளவில் நான் சாட்சியை விட்டு அதிகம் விலகவில்லை.

கோவிந்தன் இருமுறை படித்தார். "இதுதான் ஐயா சாட்சி" என்றார்.

அதன் பிறகு அறிவியல் வந்தது. சேலத்திலிருந்து ரேகை நிபுணர் ஒருவர் மாவும் தூரிகையுமாக வந்தார். மூங்கில் கணுக்களில் ரேகை பதியவில்லை. பாறையில் காலடி பதியவில்லை. சென்னையிலிருந்து மோப்ப நாய் ஒன்றை வேனில் அழைத்துவந்தார்கள். அது ஏணியை முகர்ந்தது, நூற்றெட்டுப் படியையும் இறங்கியது, கடைவீதியைக் கடந்தது, பள்ளிக்குள் நுழைந்து ஐந்தாம் படிவ வகுப்பில் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. மாணவர்கள் எழுந்து நின்றனர். நான் செய்யுளின் எஞ்சிய இரண்டடியையும் சொல்லி முடித்தேன். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த கோவிந்தன் சிரித்துவிட்டார். இடத்தைப் பார்வையிட்ட அன்று ஏணியை நகர்த்த அவருக்கு நான் கைகொடுத்ததை நான்கு பேர் பார்த்திருந்தார்கள்; ஏணியில் என் வாடை அதனால்தான் என்று எண்ணிக்கொண்டார்.

"நாய்க்கும் தமிழ் பிடிக்குது ஐயா" என்றார். நாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது வேனில் ஏற மறுத்தது. இந்த வழக்கில் கடமையைச் செய்தது அந்த நாய் மட்டுந்தான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பின்னர் என் எழுத்தைக் கொண்டு படம் வரைந்தார்கள். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் சென்னகிருஷ்ணன் நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகியவர். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்து, "வில் ஒண்ணுதான் குறை" என்றார். அச்சடித்துப் பேருந்து நிறுத்தத்திலும் எல்லைச் சாவடியிலும் கல்லாவிச் சந்தையிலும் ஒட்டினார்கள். நாகரசம்பட்டி மாந்தோப்பு ஒன்றில் ஒட்டிய படத்துக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்ததாகக் காவலர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு நான் மகிழவில்லை என்று சொல்லமாட்டேன்.

அத்தகைய உடல்வாகு இந்த வட்டாரத்தில் ஒருவனுக்குத்தான் இருந்தது. நாட்றாம்பாளையத்திலிருந்து சாலைக்கு ஜல்லி உடைக்க வந்திருந்த ராமப்பன். கை முழந்தாளை எட்டும். அன்று காலை ஒலிபெருக்கியின் பேட்டரியைக் குன்றுக்குச் சுமந்து வந்தவனும் அவனே. வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் இறங்கியதைப் பார்த்தவர் எவருமில்லை. படத்தோடு அவனை ஒப்பிட்டுப் பார்த்த காவலர், ஓவியர் இவனைப் பார்த்தே வரைந்தாரோ என்று வியந்தார்களாம். அதுவரை எனக்கு அவனைத் தெரியாது. மரபு வகுத்த இலக்கணம் ஒன்றுக்கு இலக்கியம் ஜல்லிக் குவியலின் நடுவே உட்கார்ந்திருந்தது எனக்கே வியப்பு.

மாரம்மா மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அவள் வாக்குமூலத்தை வாரம் ஒருமுறை அவளுக்கு வாசித்துக் காட்டும்படி கோவிந்தன் என்னைக் கேட்டுக்கொண்டார். நிலையத்துக் கொட்டகையில் அவள் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு உட்காருவாள். நான் கன்னடத்தில் ஓரடி சொல்ல, அவள் ஓரடி சொல்வாள். மூன்றாம் வாரத்தில் ஒருமுறை நிறுத்தினாள்.

"நான் பாத்தவன் இவ்வளவு லட்சணமாவா இருந்தான் சாமி?"

"நீ பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன், அம்மா."

விரலால் மண்ணைக் கீறினாள். "இருக்கும். தூரத்துலருந்து பாத்தேனில்ல" என்றாள். ஆறாம் வாரம் நான் தொடங்கும் முன்பே அவளே ஒப்பித்தாள். எழுத்தறியாதவள், என் மாணவர் எவருக்கும் அத்தகைய நினைவாற்றல் இல்லை.

கிருஷ்ணகிரியில் அடையாள அணிவகுப்பு நடந்தது. எனக்கு அங்கே இடமில்லை. கோவிந்தன் பின்னர் சொன்னார்: பத்துப் பேரை நிறுத்தியிருந்தார்களாம். அவள் எவர் முகத்தையும் பார்க்கவில்லையாம். வரிசையாகக் காலைப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, மெல்ல மேல்நோக்கிப் பார்த்து, ராமப்பன் தோளைத் தொட்டாளாம். அவன் அழவில்லையாம். "இந்தம்மாவ நான் பாத்ததே இல்லீங்க" என்று மட்டும் சொன்னானாம்.

சேலத்தில் விசாரணை நடந்தது. ஜூனில் தூக்குத் தண்டனை. உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி முனிலட்சுமி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அஞ்செட்டியிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னாள், காலில் வெடிப்பு. இடுப்பில் குழந்தை.

"கருணை மனுன்னு ஒண்ணு எழுதணுமாங்க. எழுதறதுன்னா ஓசூர்ல நீங்கதானாம். உங்க எழுத்துக்கு சர்க்கார் எறங்குமாம்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு காசு வாங்கவில்லை. மனிதரைப் பாடினால் முடி தொடங்கி அடி வரை வர வேண்டும்; தெய்வத்தைப் பாடினால்தான் அடி தொடங்கி முடி வரை செல்ல வேண்டும். இது நம் மரபு. மனுவில் அந்த மரபைப் பிழையாமல் கடைப்பிடித்தேன். ராமப்பனின் வெயிலில் வெந்த தலை, குனிந்தே பழகிய கழுத்து, ஜல்லி தெறித்த தழும்புள்ள மார்பு, இருவருக்குச் சோறு போடும் கை என்று இறங்கிக் கொப்புளம் கொண்ட காலில் முடித்தேன். வாசித்துக் காட்டியபோது முனிலட்சுமி என் காலில் விழுந்தாள். நல்ல மனு. ஆனால் முன்பு எழுதிய அங்க அடையாளத்துக்கு இருந்த வீறு அதற்கு இல்லை என்பதை நான் அறிவேன். சர்க்காரும் அறிந்திருக்க வேண்டும், இறங்கவில்லை.

இத்தனை நாள் வாய் திறவாதவன் இப்போது ஏன் வந்தேன் என்பதுதான் தங்கள் ஐயம். சொல்கிறேன். தீர்ப்பு நாளில் தண்டனையை மட்டுமே வாசித்தார்கள், காரணங்களை வாசிக்கவில்லை. முழுத் தீர்ப்பின் நகலைப் பெறச் சேலம் போக வேண்டும். பள்ளியில் விடுப்பு எடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. தீபாவளி விடுமுறையில்தான் போனேன். ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம். அங்க அடையாளம் முழுவதையும் மொழிபெயர்த்துச் சேர்த்திருந்தார்கள், அதன்கீழ் நீதிபதி எழுதியிருந்தது இது: எழுத்தறியாத ஒரு புல்லுக்காரியின் இயல்பான நினைவிலிருந்து பிறந்த சொற்கள் இவை, எந்தப் புலவனாலும் இவற்றைப் புனைந்திருக்க முடியாது, ஆகவே நம்புகிறேன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே இங்கு வந்துவிட்டேன். உண்மை எவ்வளவு நாள்தான் மறைந்திருக்கும்.

ராமப்பனைப் பற்றிக் கேட்டீர்கள். புரட்டாசியிலேயே, நான் சேலம் போவதற்குப் பதினாறு நாள் முன்னதாக, அது முடிந்துவிட்டது. அதற்காக வருந்துகிறேன். திம்மராயனைக் கொன்றவன் நான். ராமப்பனைக் கொன்றதும் நானே என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் மறுக்கவில்லை. அங்க அடையாளத்தின் அந்த வரிகளும் என்னுடையவை என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

இறுதியாக ஒன்று கேட்டீர்கள். மனிதனை முடியிலிருந்தும் தெய்வத்தை அடியிலிருந்தும் பாடுவது மரபென்று நீரே சொன்னீரே, கொலைகாரனை மட்டும் ஏன் பாதத்திலிருந்து தொடங்கினீர் என்று. நல்ல கேள்வி. இன்ஸ்பெக்டருக்கும் நீதிபதிக்கும் தோன்றாதது. தாங்கள் தமிழ் படித்தவர் என்பது தெரிகிறது. விடை எளியது, ஐயா. மாரம்மா குன்றின் கீழே நின்றவள். கீழே நிற்பவள் கண்ணில் முதலில் படுவது பாதம். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். என் கைச்சரக்கு அதில் ஏதும் இல்லை.