முதல் பதிப்பு, நவம்பர்

திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் புத்தகம் போட்டுப் பிழைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக முடியும். மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். பஸ் வரும்வரை எதையாவது புரட்டிக்கொண்டிருக்க வேண்டும் அவர்களுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடைக்கு வந்து கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் வாங்குவார்கள். அதில் வருவதை வைத்து நாங்கள் நாவல் போடுவோம். நாவல் விற்காது. அதற்காக யாரும் அழுததில்லை.

நாங்கள் என்றால் பத்மாவதி அக்காவும் நானும். நீங்கள் தெலுங்குக்காரர், இன்ஸ்பெக்டர் சார், அக்காவைப் படித்திருக்க மாட்டீர்கள். ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் கான்ஸ்டபிள் தனசேகருக்கு நம் தமிழ் நன்றாக வருகிறது. அவர் விடுகிற ஒற்றுப்பிழைகளைக் கையெழுத்துப் போடும்முன் நானே திருத்தித் தருகிறேன்.

அக்கா பிச்சாட்டூர்க்காரர். முதல் நாவலைச் சென்னைக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. இன்னொரு இடத்துக்கு அனுப்பினார், அதுவும் வந்தது. மூன்றாவதாக வேறு யாரையும் கெஞ்சவில்லை. காது கம்மலை விற்று, ஊர் ஆற்றின் பெயரில் ஆரணியாறு பதிப்பகம் என்று போர்டு எழுதி, தானே போட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கெல்லாம் நேரம் இல்லை என்பார். நான் புரூஃப் பார்க்கப் போனவள், அங்கேயே தங்கிவிட்டேன். அவர் எழுதிய ஒவ்வொரு புத்தகமும் என் கண் வழியாகத்தான் வெளியே போனது.

நானும் ஒரு நாவல் எழுதினேன். அக்கா ஒரே மூச்சில் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"நீ அடுத்தவங்க எழுதனதப் பாத்துக்கினு இரு யமுனா. அதான் உனுக்கு நல்லா வருது."

மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்கிறவர். நானும் வைத்துக்கொள்ளவில்லை. வேண்டுமானால் யாரையும் கேளுங்கள்.

போன அக்டோபரில் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஐசியுவில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சித்தூரில் லெக்சரராக இருக்கும் அவருடைய தங்கை மகள் சுமித்ராவுக்குச் சொன்னேன். அப்புறம் வெளியில் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அக்காவின் வாழ்க்கை வரலாற்றை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன், முடிவு மட்டும்தான் பாக்கி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. சிவகாசி பிரஸ்காரர், நவம்பர் தாண்டினால் காலண்டர் வேலை, பொங்கல் வரை இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லியிருந்தார். ஆகவே அங்கேயே உட்கார்ந்து முடிவை எழுதினேன்.

நம்புங்கள், அந்தக் கடைசி அத்தியாயம் தானாக வந்தது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே அதில் கிடையாது. மருந்து வாசனை நல்ல உரைநடைக்கு ஆகாது. ஒரு விடியற்காலை, மலையைப் பார்த்தபடி அக்கா போகிறார். அவ்வளவுதான். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அட்டையில் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதே வாரத்தில் புத்தகக் கட்டுகளும் வந்து இறங்கின. நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்கா ஒரு கட்டைப் பிரித்துவிட்டார். நான் வந்து பார்த்தால் கட்டிலில் சாய்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"இன்னாமே, என்ன சாவடிச்சிட்டியே! கஞ்சி குடிச்சிக்கினு குந்திக்கினு கீறேன், இங்க பாத்தா நான் பூட்டேன்."

"டாக்டர் அப்படிச் சொன்னாருக்கா."

"அது போவட்டும். நல்லாக்கீது யமுனா. மெய்யாலுமே. நீ எழுதனதுலயே இதான் நல்லாக்கீது."

அத்தனை வருஷத்தில் அக்கா என் எழுத்தை நல்லாக்கீது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். பால் பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அதே மூச்சில் அவர் சொன்னார்:

"எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடு. என் கதய நானே எழுதிக்கிறேன். உயிரோட கீறவ எழுதுனா இன்னும் நல்லாருக்குமில்ல?"

நியாயமான பேச்சுதான். நான் கோபப்படவில்லை. ஆனால் சார், நல்ல அத்தியாயம் ஒருத்திக்கு ஆயுளில் ஒன்றுதான் அமையும். அதைப் பொட்டலம் மடிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் போட்ட ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

நான் வேண்டுதல் பற்றிச் சொன்னேன். அக்கா ஐசியுவில் இருந்தபோது, இவர் பிழைத்து எழுந்தால் அடிவாரத்து அலிபிரியில் இருந்து ஒவ்வொரு படிக்கும் இவர் கையாலேயே மஞ்சள் குங்குமம் வைத்து மலை ஏறுவார் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன் என்றேன். நான் அப்படி வேண்டிக்கொள்ளவே இல்லை. ஆனால் மெட்லு பூஜை என்று இங்கே பெண்கள் செய்கிற காரியம்தான், ஊரறிந்தது. படிக்குப் படி குனிந்து, பொட்டு வைத்து, நிமிர்ந்து ஏற வேண்டும். பெரிய டாக்டரோ ஆறு மாசத்துக்கு மாடிப்படியே கூடாது என்று சொல்லியிருந்தார்.

அக்காவுக்குப் பக்தி அதிகம் கிடையாது. ஆனால் தனக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டாளே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பெருமாளுக்குச் சொன்னதைத் தள்ளிப்போட்டால் வட்டியோடு வாங்கிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியாததா? தெலுங்கில் அவருக்கு 'வட்டி காசுல வாடு' என்றே பெயர் வைத்திருக்கிறீர்கள்.

"நீ வேண்டிக்கினது பொய்யாப் பூடக்கூடாது," என்றார். "மெதுவாப் போலாம்."

டிசம்பரில் ஒரு விடியற்காலை போனோம். நல்ல பனி. மஞ்சள் டப்பா அக்கா கையில், மற்ற சாமான் எல்லாம் என் பையில். வழியெல்லாம் கோவிந்தா கோவிந்தா என்று ஜனம். படிப்பாதையின் நடுவில் வரும் காலி கோபுரத்துக்கு முன்னால் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், அங்கே எல்லோருமே மூச்சு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அக்கா உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவருடைய காரியத்தன்று புத்தகத்தை வெளியிட்டேன். இத்தனை சீக்கிரம் எப்படிப் போட்டாய் என்று அழுதுகொண்டே என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் போன் செய்தார்கள். சுமித்ராதான் கடைக்கு வந்து இரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பெரியம்மா செத்தது டிசம்பர், இதில் 'முதல் பதிப்பு: நவம்பர்' என்று போட்டிருக்கிறதே, இது எப்படி என்றாள். மற்ற பதிப்பகங்களைப்போல வாய்க்கு வந்த மாசத்தைப் போட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அச்சான மாசத்தைத்தான் போடுவது என்று எனக்கு ஒரு பழக்கம்.

எப்படி என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஏன் என்பதையும் சொல்லியாகிவிட்டது. அந்தப் புத்தகம் எடைக்குப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அக்கா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். சொன்னார்.

படியில் உட்கார்ந்ததும் மஞ்சள் அப்பிய கையை நீட்டி, "மாத்திர குடும்மா," என்றார். நாக்கடியில் வைக்கிற மாத்திரை, என் பையில்தான் இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி கேட்டார். அப்புறம் என் முகத்தையே பார்த்தார். எந்தக் கதையையும் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறவர் அவர்.

"நான் எழுதலம்மா யமுனா," என்றார். "உன் பொஸ்தகத்தையே போட்டுக்கோ. ஒரு வரி மாத்த வேணாம். மாத்திர மட்டும் குடு."

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் என் அத்தியாயத்தில் அக்கா அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல்தான் போவார். அப்படித்தான் அச்சாகியிருந்தது.