முயல் வரைந்த சுவரும் மூடிய காதுகளும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, தறிச் சத்தத்திலேயே தலை நரைத்த மூத்தவர்களே, ஷிப்டு முடிந்து முகம் கழுவ நேரமின்றி மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நம் ஆலையின் குழந்தைகள் காப்பகத்துக்கு வண்ணம் பூசியதற்கு விழா எடுக்கிறோம். சுவரில் முயல் இருக்கிறது, மான் இருக்கிறது. அந்தச் சுவருக்குக் கீழே படுத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி யார் பேசுவது?

என் அக்கா இங்கே தறி ஓட்டுகிறாள். அவள் மகளுக்கு ஒன்றரை வயது. சளி பிடித்தது, காய்ச்சல் அடித்தது, காதைப் பிய்த்துக்கொண்டு அழுதாள், ஒரு காலையில் தலையணையெல்லாம் சீழ். மேற்பார்வையாளர் என்ன சொன்னார்? "குளிப்பாட்டும்போது நீதான் காதுல தண்ணி விட்டிருப்பேம்மா. பாத்து ஊத்தக் கூடாதா?" அக்காவும் தன் கையைத்தான் திட்டிக்கொண்டாள்.

காது மருத்துவர் சொன்னார்: "தண்ணி செவிப்பறையைத் தாண்டாதும்மா. இது மூக்கு வழியா வந்தது." மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. நமக்கு அது நீளம், சரிவு. பிள்ளைகளுக்கு அது குட்டை, ஏறக்குறைய மட்டம். சளியில் அது வீங்கி அடைத்தால் உள்ளே நீர் தேங்கும். மூக்கில் சும்மா கிடந்த பாக்டீரியா ஏறிப்போய்ப் பெருகும். நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், மொராக்செல்லா.

என்ன தம்பி சிரிப்பு? "பேரெல்லாம் வில்லன் பேரு மாதிரி இருக்குண்ணே" என்கிறாயா? இருக்கட்டும். ஆனால் அவை நோயில்லாத பிள்ளையின் மூக்கிலும் இருப்பவை. வில்லனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்?

காப்பகத்தில் பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, கழிவுநூல் மூட்டையில் புட்டியைச் சாய்த்து வாயில் வைக்கிறார்கள். பாலும் சளியும் அந்தக் குழாய்ப் பக்கம் போக இது வசதி. ஆயாம்மாவைக் கேட்டேன். "எனக்கு ரெண்டு கைதான்டா. பதினாறு வாயும் ஒண்ணா கத்துது. நீ வந்து தூக்கு" என்றார். அவரை நான் குறை சொல்வேனா? மாட்டேன்.

மருந்தில் காய்ச்சல் நின்றது, சீழ் நின்றது. மறுபரிசோதனையில் மருத்துவர் பிள்ளையின் பின்னால் கை தட்டினார். அவள் திரும்பவில்லை.

"கூப்பிட்டா ஓடி வருவா டாக்டர்" என்றாள் அக்கா.

"கூப்பிடுங்க."

அக்கா கையை உயர்த்தி விரல்களை மடக்கினாள். பிள்ளை ஓடி வந்தாள். தறிக்கூடத்தில் நாம் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? வாய் எதற்கு, அந்த இரைச்சலில்? வீட்டுக்குப் போயும் கைதானே பேசுகிறது?

"இப்போ அவ பின்னாடி போய், கையைக் கட்டிக்கிட்டுக் கூப்பிடுங்க" என்றார் மருத்துவர்.

அக்கா கூப்பிட்டாள். குரல் உடையும் வரை கூப்பிட்டாள். பிள்ளை செருப்பு வாரை இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தாள்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, இரு காதும் மந்தம். பேச்சுப் பழகும் வயதில் எத்தனை மாதம் கேட்காமல் இருந்தாளோ, அது எங்களுக்கே தெரியாது. உங்கள் பிள்ளை கேட்கிறதா? கையைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

மேலாளர் அவர்களே, மானும் முயலும் போதும். இன்னும் மூன்று ஆயாக்கள் வேண்டும். தாய் வந்து மடியில் நிமிர்த்திப் பால் கொடுக்கத் தறியை நிறுத்த அனுமதி வேண்டும். நிமோகாக்கஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைப் போட அழைத்துப்போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. "யோசிக்கலாம்" என்ற பதிலை எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போகமாட்டோம்.

அங்கே மூன்றாம் வரிசையில் பிள்ளை வீறிடுகிறது, வெளியே கொண்டுபோங்கள் என்கிறார்கள். வேண்டாம் ஐயா, அவள்தான் என் அக்கா மகள். போன வாரம் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்து நீரை எடுத்தார்கள். ஒரு காது இன்னும் சந்தேகம். மறு காதில் இந்த ஒலிபெருக்கி இடிக்கிறது, அதுதான் அழுகிறாள். அழட்டும்.

அவள் அழுகையையும் என் பேச்சையும் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.